ஊர் கேட்காதே என்றவளுக்கு

இன்று காலை பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு ஃபோனைத் திறந்தால், உன் வார்த்தைகள் ஒரு ரோஜாப்பூவுக்குக் கீழே கிடக்கின்றன. என் மனைவியின் குடும்பக் குழுவில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். பனித்துளி ஒட்டிய சிவப்பு ரோஜா, மூலையில் ஒரு குத்துவிளக்கு, நடுவில் மஞ்சள் எழுத்தில் ‘இணையக் குழுக்களில் பேண வேண்டிய நற்பண்புகள்’. ஆளைப் பேசாதீர்கள், பேச்சைப் பேசுங்கள். எழுதியதும் அனுப்பாதீர்கள், ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அனுப்புங்கள். அடியில் ‘பெரியோர் வாக்கு’ என்று போட்டிருக்கிறது. பெரியோராம்! அந்தப் பெரியோர் என் கடையின் உடைந்த கதிரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் மீன் வைத்த மாலு பணிஸ் தின்றுகொண்டு மறு கையால் இதையெல்லாம் தட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

கீழே ஒரே பாராட்டு. ‘மாஷா அல்லாஹ், அருமையான கருத்து’ என்று எழுதியவள், போன மாதம்தான் சொந்தத் தங்கையின் நிறத்தைப் பற்றி அதே குழுவில் எல்லார் முன்னாலும் எழுதியவள். எனக்கு டீ இறங்கவில்லை. நீ போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. செத்தவர்களுக்கு மடல் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இன்று வாயில் வந்தவை எதையும் வீட்டில் சொல்ல முடியாது. அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

போரின் கடைசி வருடங்கள் அவை. கண்டிப் பட்டணத்தில் குண்டுச் சத்தம் கேட்காது. ஆனால் பஸ்ஸில் தமிழில் பேசினால் முன் சீட்டு திரும்பிப் பார்க்கும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். மடுல்கெல்லையிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் வரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் டவுனுக்குள் கால் வைத்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பஸ் நிலையத்துக்கு மேலே இருந்த சந்தில் என் நெட் கடை. வெளிநாட்டு அழைப்பு, பிரின்ட், போட்டோ கொப்பி, மணித்தியாலக் கணக்கில் இணையம். நீ மஹய்யாவயிலிருந்து நடந்தே வேலைக்கு வருவாய். அண்ணனுக்கு எங்கள் முஸ்லிம் ஆட்கள் சொல்வது போல என்னை ‘நானா’ என்று கூப்பிடுவாய். நீ வந்த முதல் வாரத்திலேயே கடை யாருடையது என்ற சந்தேகம் வாடிக்கையாளர்களுக்கு வந்துவிட்டது.

“மூலை மெஷின்ல உக்காந்திருக்கவரு, அந்த மாதிரிப் படம் பாக்கறதுன்னா வீட்டுல போய்ப் பாருங்க” என்று ஒருநாள் முழுக் கடைக்கும் கேட்கும்படி சொன்னாய். மூலையில் இருந்தவர் ஊரில் பெரிய மனிதர். அதற்குப் பிறகு அவர் கடைப் பக்கம் வரவே இல்லை. “நல்ல கஸ்டமரை வெரட்டிட்டியே புள்ள” என்றேன். “நல்ல கஸ்டமர்தான் நானா, நல்ல மனுசனான்னு அவரு பொண்டாட்டியக் கேளுங்க” என்றாய். உன்னை அன்றே வேலையை விட்டு நிறுத்தியிருக்க வேண்டும். சிரித்துத் தொலைத்துவிட்டேன்.

களம் உன் கைக்கு வந்தது அந்த நாட்களில்தான். இன்றைய பிள்ளைகளுக்குக் கருத்துக்களம் என்றால் விளங்காது. ஒருவர் ஒரு தலைப்பைத் தொடங்குவார், மற்றவர்கள் அதற்குக் கீழே பதில் எழுதிக்கொண்டே போவார்கள். மலைநாட்டிலிருந்து உலகமெங்கும் சிதறிப் போனவர்களுக்கென்று யாரோ தொடங்கி, கவனிக்க ஆளில்லாமல் விட்ட ஒன்று. கனடாவில் இருந்து எழுதினார்கள், லண்டனில் இருந்து, கட்டாரில் இருந்து, நீலகிரிக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் இருந்தும் எழுதினார்கள். நீ வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் எழுதத் தொடங்கி, கொஞ்ச நாளில் மட்டுறுத்துநர் ஆகிவிட்டாய். எந்தப் பதிவு நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று தீர்மானிக்கிற ஆள். உனக்கு அந்தப் பதவி பொருந்தியது போல் கிரீடம்கூட ராஜாவுக்குப் பொருந்தாது.

‘கண்டிச்சீமையான்’ என்று பெயர் வைத்துக்கொண்டாய். “ஏன் புள்ள, ஆம்பளப் பேரு?” என்று கேட்டேன். “பொம்பளப் பேர்ல எழுதுனா, ‘அழகா எழுதுறீங்க தங்கச்சி’ன்னு சொல்லுவானுங்க. சொல்லிட்டு என் பேச்சைக் கேக்க மாட்டானுங்க” என்றாய். நீ சொன்னது சரிதான். கண்டிச்சீமையானின் பேச்சைக் கேட்டார்கள். உன் வாக்கியங்களில் இருந்த மிடுக்கைப் பார்த்து, ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர் என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். முதலில் ‘அண்ணன்’, பிறகு ‘ஐயா’. நீ எதையும் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. திரையில் ‘ஐயா’ என்ற சொல் வரும்போதெல்லாம் கன்னத்தில் குழி விழும் உனக்கு. பதவி பிடித்திருந்தது, மரியாதை பிடித்திருந்தது. பிடிக்கக் கூடாதா என்ன?

உன்னைத் தேவதையாக்க எனக்கு விருப்பமில்லை. நீ பொல்லாதவள். ஒருவனுடைய பதிவை அழிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, கோழி கழுத்தைத் திருகுகிற மாதிரி ரசித்து அழிப்பாய். ஆனால் விதி விதிதான். உனக்குப் பிடித்தவன் மீறினாலும் அழித்தாய், பிடிக்காதவன் மீறாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைத்தாய். ‘அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு செக்பொயின்ட் வரிசையில் நின்று சொல்ல முடிந்ததை மட்டும் எழுதுங்கள்’ என்று ஒரு விதி போட்டாய். கனடாக்காரர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கோழைத்தனம் என்றார்கள். “அங்க பனிதான் விழுது. இங்க அடி விழும். அவனுங்க வீரத்துக்கு நம்ம முதுகா?” என்று என்னிடம் கேட்டுவிட்டு, களத்தில் அதையே மரியாதையாக எழுதினாய்.

இரண்டு விதிகளை மட்டும் நீ தடித்த எழுத்தில் போட்டிருந்தாய். ஒன்று, மட்டுறுத்துநர் தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே அழிக்கக் கூடாது. நிர்வாகத்தில் உள்ள மற்ற இருவர்தான் தீர்மானிக்க வேண்டும். இன்னொன்று, யாரிடமும் பெயர், ஊர், தொழில் கேட்கக் கூடாது. அந்தக் காலத்தில் அதற்கு ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. ஊரையும் பெயரையும் இணையத்தில் போட்டவன் வீட்டுக்கு ஆளைத் தூக்கிப் போகிற வெள்ளை வேன் வரும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. கண்டிச்சீமையான் ஐயா நம் பாதுகாப்பைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறார் என்று நன்றி சொல்லி எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நிர்வாகத்தின் மற்ற இருவரையும் சொல்ல வேண்டும். லண்டனில் ஒரு டாக்டர், கண்டியில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரர். ‘தங்கள் மேலான கருத்தை அறிய ஆவலாக உள்ளேன் ஐயா’ என்று உனக்கு எழுதுவார். இரண்டாமவர் டொரன்டோவில் இருந்த தெல்தோட்டைக்காரர். ‘தெல்தோட்டைக் குயில்’ என்று பெயர். கவிதை எழுதுவார், அதைக் கவிதை என்று அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். ஆனால் மனுஷன் தங்கம். களத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தனிமடலில் நலம் கேட்பார், யார் வீட்டில் சாவு என்றாலும் அழுவார். உன்னைக் கொன்றது அந்தத் தங்கமான மனுஷன்தான். மற்றவர்கள் பிறகு வந்து மிதித்தவர்கள்.

உன் அப்பா இறந்துபோனார். வெள்ளைக்காரன் காலத்தில் கண்டி நகரத்தைக் கூட்டிச் சுத்தம் செய்வதற்கென்று இந்தியாவிலிருந்து கொண்டுவந்து மஹய்யாவயில் குடியமர்த்திய குடும்பங்களில் ஒன்று உங்களுடையது. உன் அப்பாவும் மாநகர சபையில் அதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரஹரா ஊர்வலம் போன பிறகு யானைச் சாணமும் தென்னம்பாளையும் ஓலையும் கிடக்கும் தெருக்களை விடிவதற்குள் வெறுந்தரையாக்கியவர். நெஞ்சுச் சளியில் இழுத்து இழுத்துப் போனார். நான் மையத்து வீட்டுக்கு வந்தபோது நீ அழவில்லை. வந்தவர்களுக்கு ஏன் கதிரை போடவில்லை என்று உன் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாய்.

களத்தைக் கொஞ்ச நாள் பார்க்க முடியாது என்று குயிலுக்கு மட்டும் ஒரு தனிமடல் போட்டிருக்கிறாய். அவர் பதறிப்போய், மலர்வளையம் அனுப்ப வேண்டும், விலாசம் தாருங்கள், அப்பாவின் பெயர் என்ன, யார் யார் பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறார். எத்தனையோ பேருக்கு ஊர் கேட்காதே என்று சொன்னவள், உன் ஊரைக் கேட்டபோது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டாய். துக்கத்தில் இருக்கிறவளிடம் அன்பாக ஒருவர் கேட்டால் வேறு என்ன செய்வாள்?

மலர்வளையமும் வந்தது, அதைவிட வேகமாக மரண அறிவித்தலும் வந்தது. நம் ஆட்களுக்கு மரண அறிவித்தல் என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வானொலியில் அது போகும்போது வீட்டில் சத்தம் போடக் கூடாது. எங்கே பிறந்தார், எங்கே வசித்தார், என்ன தொழில், யாருடைய மகன், யாருக்கு மாமனார், மகள் எங்கே வேலை செய்கிறாள், தொலைபேசி இலக்கம் என்ன, ஒன்றும் விடக் கூடாது. விட்டால் செத்தவருக்கு அவமரியாதை. குயில் ஒன்றையும் விடவில்லை. கறுப்புக் கரை கட்டி, விளக்குப் படம் வைத்து, களத்தின் முகப்பிலேயே போட்டுவிட்டார். ‘கண்டி மஹய்யாவயைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்டவரும், மாநகர சபையின் முன்னாள் சுத்திகரிப்புத் தொழிலாளியுமான...’ என்று தொடங்கியது. ‘நம் களத்தில் கண்டிச்சீமையான் என அறியப்படும் செல்வி...’ என்று உன் சொந்தப் பெயரும் வந்தது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு முடிந்தது.

ஏற்றுக்கொண்டார்கள், நன்றாகவே ஏற்றுக்கொண்டார்கள். முதல் கொஞ்ச நேரம் இரங்கல்கள் வந்தன. அவசரத்தில் முழுதும் வாசிக்காதவர்கள் எழுதியவை. பிறகு யாரோ முதல் வரியை நிதானமாக வாசித்திருக்க வேண்டும். இரங்கல் நின்றுபோயிற்று. குழாயை மூடினால் நிற்குமே, அப்படி. களத்தில் பேசாத ஆட்கள் தனிமடலில் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

நீ வேலைக்குத் திரும்பிய அன்று நான் பதறிக்கொண்டிருந்தேன். “அந்த மனுஷன் உன் அட்ரஸையே போட்டுட்டாரே புள்ள. நாளைக்கு சீஐடி வந்து நின்டா என்ன செய்வ?” என்றேன்.

நீ திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: “ஆமிக்காரன் ஊர் கேட்டா டக்குனு சொல்லிருவேன் நானா. அவனுக்கு அது ஒரு ஊரு. இவங்களுக்கு அப்பிடியா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெயர், ஊர், தொழில் கேட்காதே என்ற விதி யாருக்குப் பயந்து எழுதப்பட்டது என்று. துவக்கு வைத்திருந்த ஆமிக்காரனுக்குப் பயந்து இல்லை. ‘ஐயா, ஐயா’ என்று காலடியில் கிடந்தார்களே, அவர்களுக்குப் பயந்து.

பொலிஸும் வரத்தான் செய்தார்கள். சிவில் உடுப்பில் இரண்டு பேர். எங்கிருந்து எழுதுகிறாய், யார் காசு அனுப்புகிறார்கள், புலிகளைப் பற்றி என்ன எழுதுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். நீ உன் மஹய்யாவச் சிங்களத்தில் பட்டுப் பட்டென்று பதில் சொன்னாய். களத்தைத் திறந்து காட்டினாய். செக்பொயின்ட் விதியை மொழிபெயர்த்துச் சொன்னபோது ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு நான் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். நீ கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, “இவங்க கேள்வியாவது கேட்டாங்க” என்றாய்.

மற்றவர்கள் கேட்கவில்லை, எழுதினார்கள். மிகவும் நல்ல தமிழில் எழுதினார்கள். ‘களத்தில் குப்பை அகற்றுவதில் ஐயாவுக்கு, மன்னிக்கவும், அம்மணிக்கு இருந்த அபாரத் திறமை எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது’ என்றான் ஒருவன். சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தான். ‘பரம்பரை அனுபவத்துக்கு ஈடு இணை உண்டா?’ என்றான் அடுத்தவன். ‘விளக்குமாறு கையில் இருந்தால் எல்லாமே குப்பையாகத்தான் தெரியும் போலும்’ என்று ஒரு பெண் எழுதினாள். அவளுடைய மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நீதான் உட்கார்ந்து திருத்திக் கொடுத்திருந்தாய். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, சாதிப் பெயர் இல்லை, ஒருமை இல்லை. உன் விதிகளை வரிக்கு வரி மதித்து, அவற்றுக்கு உள்ளேயே நின்றுகொண்டு உன் தோலை உரித்தார்கள்.

“அழி புள்ள” என்றேன். “பட்டன் ஒன் கைலதானே ஈக்குது?”

“அழிக்க முடியாது. என்னையப் பத்தி எழுதுனதை நானே அழிக்கக் கூடாது.”

“அது நீ போட்ட சட்டம். நீயே மாத்து.”

“மாத்தலாம். மாத்துனா ‘பாத்தியா, அந்தப் புத்தி’ன்னுவானுங்க.”

அழித்தாலும் உன் பிறப்பு, அழிக்காவிட்டாலும் உன் பிறப்பு. நான் கடைக்காரன், சண்டை என்றால் கடை வாசலில் நின்று கத்தித் தீர்ப்பவன். கத்த வாசலே இல்லாத சண்டையை அன்றுதான் பார்த்தேன். நீ விதிப்படி புகார் எழுதி டாக்டருக்கும் குயிலுக்கும் அனுப்பினாய். அனுப்பும் முன் பிளேன்டீ குடித்தாயா என்று கேட்டேன். முறைத்தாய்.

பதில் வருவதற்குள் குயில் கடைக்கு ஃபோன் எடுத்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ரிசீவருக்கு வெளியிலும் கேட்கும்படி அழுதார்.

“ஏம்மா, நான் நல்லதுக்குத்தானேம்மா போட்டேன்! பேரு, ஊரு சொல்லாம ஒரு சாவ எப்பிடிம்மா அறிவிக்கிறது? ஒங்க அப்பா என்ன அனாதப் பொணமா?”

நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு, “நீங்க நல்ல மனுசன் ஐயா. அதான் எனக்குப் பயமா இருக்கு” என்று சொல்லிவிட்டு வைத்தாய். அந்த மனுஷன் அதற்குப் பிறகு கவிதை எழுதவில்லை. தமிழுக்கு அதுவும் ஒரு லாபம்தான்.

நிர்வாகத்தின் தீர்ப்பை டாக்டர் எழுதினார். உன்னை அதுவரை ‘தாங்கள்’ என்று எழுதியவர் ‘நீர்’ என்று இறங்கியிருந்தார். ‘குறித்த பதிவுகளைக் கவனமாக ஆராய்ந்தோம். களவிதிகள் எவையும் மீறப்படவில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம். நாட்டின் இன்றைய நிலையில் உம்முடைய பாதுகாப்பைக் கருதி, கடவுச்சொல்லை எம்மிடம் ஒப்படைத்து நீர் சிறிது ஓய்வெடுப்பது நல்லது.’ கீழே குயிலின் பெயரும் இருந்தது. அழுதுகொண்டே சம்மதித்திருப்பார். அன்று மாலை டாக்டர் ஃபோனிலும் பேசினார். “தங்கச்சி, இதில தனிப்பட்ட கோபம் ஒண்டும் இல்லை. உம்மடை நன்மைக்குத்தான் சொல்லுறம். ஓமோ?” என்றார். நீ “ஓம்” என்றாய், அவருடைய பாஷையிலேயே.

நீ அந்தக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து கடவுச்சொல்லைத் தட்டி அனுப்பினாய். வாசலில் துபாய்க்குப் போகிற பையன் ஒருவன் விசா விண்ணப்பத்தோடு நின்றான். “வாங்க தம்பி, பாஸ்போட்டக் குடுங்க” என்று கூப்பிட்டு அவன் வேலையைப் பார்க்கத் தொடங்கினாய். ஒரு எழுத்துப் பிழை விடவில்லை. கடையைப் பூட்டும்போதுதான் வாய் திறந்தாய். “நானா, இத்தன வருசமா ஐயா ஐயான்னாங்களே, அந்த ஐயா எங்க போனாரு? அவருக்கு யாரு மரண அறிவித்தல் போடுறது?” என்றாய். சிரிப்பாய் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அதன் பிறகு நீ எங்கும் எழுதவில்லை. களம் உன் விதிகளோடேயே நடந்தது. அடியில் ‘நிர்வாகம்’ என்று மட்டும் போட்டுக்கொண்டார்கள். போர் முடிந்தது, வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். நீ கடையின் கண்ணாடியை உள்ளேயிருந்து துடைத்துக்கொண்டிருந்தாய். சில வருடங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். டெங்கு என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் உனக்குக் கட்டில் கிடைக்கும்போது காலம் தாண்டிவிட்டது. உன் சாவைக்கூட நீ அவசரமாகத்தான் முடித்தாய்.

அந்தக் களம் அப்போது முகநூலுக்குக் குடிபோயிருந்தது. நானும் உறுப்பினனாகச் சேர்ந்து, இந்த இடத்தை இத்தனை வருடம் காத்தவள் இறந்துவிட்டாள் என்று உன் சொந்தப் பெயரைப் போட்டு எழுதினேன். ஊர் எழுதவில்லை. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று ஒருவன் எழுத, அதையே கொப்பி எடுத்து ஒட்டிக்கொண்டு போனார்கள். கும்பிடும் கைகள், அழும் முகங்கள். நடுவில் ஒருவன் கேட்டான்: ‘யார் இவர்? எந்த இடம்?’

நான் ஒரு பதில் எழுதினேன். அதில் இருந்த வார்த்தைகளை உனக்கும் சொல்ல மாட்டேன். மஹய்யாவயில் பிறந்த உனக்கே காது கூசும். எழுதியதும் அனுப்பவில்லை. எழுந்து போய்ப் பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன், உனக்காக. கோபம் அப்படியேதான் இருந்தது. அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் என்னை வெளியே போட்டுவிட்டார்கள். காரணத்தையும் அனுப்பியிருந்தார்கள்: ‘ஆளைப் பேசாதீர்கள், பேச்சைப் பேசுங்கள்.’ நீ எழுதிய வாக்கியம். ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. உன் சாவுக்கு அழுதவனை உன் வாயாலேயே வெளியே தள்ளினார்கள். உன் விதிகள் மேல் எனக்கிருந்த மதிப்பு அன்றோடு சரி. அது வேலி என்று நினைத்தாய் நீ. வேலியின் இரண்டு பக்கமும் நிற்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு முஸ்லிம் கடைகளுக்குத் தீ வைத்து நம் ஊர் எரிந்த அந்த வாரம் வந்தது. யாரோ ஒருவன் ஒரு குழுவில் எங்கள் தெருக் கடைகளை வரிசையாக எழுதியிருந்தான். எந்தக் கடை, யாருடையது, எந்தக் கட்டிடத்துக்குப் பக்கத்தில் என்று. நல்ல ஒழுங்காக, கோபமில்லாமல், ஒரு வசவு இல்லாமல். மறுநாள் என் கடையின் கண்ணாடி தெருவில் கிடந்தது, மெஷின்கள் உருகிக் கிடந்தன. அவனையும் யாரும் எந்தக் குழுவிலிருந்தும் வெளியே போட்டிருக்க மாட்டார்கள். ஊரடங்கில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தபோது உன் நினைவு வந்து வந்து குத்தியது. அந்த வரிசையில் நான் என் பெயரைப் பார்த்தது போல, நீ உன் பெயரை எத்தனை வருடம் முன்பே பார்த்திருக்கிறாய்.

அதன் பிறகு எங்கள் வீட்டு ஒழுங்கைக்கென்று, இந்தச் சின்னத் தெருவுக்கென்று, ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். முஸ்லிம் வீடுகள், தமிழ் வீடுகள் எல்லாம் சேர்த்து. என்னை அட்மின் ஆக்கி, “நானா, ரூல்ஸ் நாலு எழுதிப் போடுங்களேன்” என்றார்கள். ஒன்றும் எழுதவில்லை. கெட்ட வார்த்தை பேசுகிறவன் பேசட்டும், பொய்ச் செய்தி அனுப்புகிறவனை நாலு பேர் சேர்ந்து திருத்தட்டும். என்னிடம் ஒரே ஒரு விதிதான் இருக்கிறது, அதையும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் அதற்கு உள்ளே நின்று செய்யப் பழகிவிடுவார்கள்.

போன வாரம் ஒழுங்கைக் கடைசி வீட்டுக்கு ஒரு தாயும் மகனும் வாடகைக்கு வந்தார்கள். குழுவில் சேர்த்தேன். தெருவிளக்கு எரியவில்லை, யாரிடம் சொல்வது என்று அந்தத் தாய் எழுதினாள். என் மனைவியின் மூத்த சகோதரன், என் மச்சான், பள்ளிவாசலில் முன் வரிசையில் தொழுகிறவர், பதில் எழுதினார்: ‘நீங்கள் முந்தி எந்தப் பக்கம்?’ அவள் ஒளிக்கவில்லை. ‘மஹய்யாவ’ என்று எழுதினாள். மச்சான் ‘ஓ’ என்று எழுதினார். அவ்வளவுதான். ஒரு எழுத்து.

அவரை வெளியே போட்டேன். எச்சரிக்கை இல்லை, விசாரணை இல்லை, பிளேன்டீயும் இல்லை. உன்னிடம் கேட்டால் இது சர்வாதிகாரம் என்பாய், நடைமுறை எங்கே நானா என்பாய். நடைமுறையை நீயே வைத்துக்கொள். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ரோஜாப்பூவுக்குக் கீழே இருக்கிற எதுவும் இல்லை. நீ களத்தில் ஒருநாளும் எழுதாமல் விழுங்கினாயே, அந்த ஆத்திரம். அதை நான் விழுங்குவதில்லை.

மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை. மச்சான் அன்றே ஃபோன் எடுத்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, அதுதான் பயங்கரம்.

“மச்சான், நான் அப்பிடி என்னத்தக் கேட்டுட்டேன்? ஊருதானே கேட்டேன்?”

“ஓம். ஊருதான் கேட்டீங்க” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.